ஆறு கட்டம், நாலு நம்பர்

"மூணாவது தடவையும் தப்பாப் போச்சுன்னா கார்டு முடங்கிடுமாம் கலா. இப்ப என்ன பண்றது?"

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஏ.டி.எம். முன்னால் நின்று பழனியப்பன் போனில் கத்திக்கொண்டிருந்தார். காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் கடைக்குள் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

மறுமுனையில் அவர் மனைவி சந்திரகலா. இரண்டு தெரு தள்ளி, வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தாள். நண்டு, மட்டன், மீன் தலை என்று இருவரும் ஒரு கை பார்த்துவிட்டு எழுந்தபோதுதான், கையிலிருந்த மலேசிய ரிங்கிட் எல்லாம் துணிக்கடையோடு தீர்ந்துபோனது தெரிந்தது.

"கார்டு மெஷின் ரோசாக் அங்கிள், ரெண்டு நாளா கெட்டுக் கெடக்கு. ஆன்டி உக்காந்து டீ குடிக்கட்டும். நீங்க காசு எடுத்துட்டு வாங்க" என்றார் கடைக்காரர்.

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் பெண்டாட்டியை அடகு வைத்துவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது பழனியப்பனுக்கு.

"மெஷின்ல ஆறு கட்டம் இருக்கு கலா. நம்ம நம்பர் நாலுதானே? முன்னால ரெண்டு சைபர் போட்டேன், தப்புன்னுச்சு. கடைசியில போட்டேன், அதுவும் தப்புங்குது."

"உங்கள யாருங்க சைபர் போடச் சொன்னது?"

"கட்டத்தக் காலியா விட்டா நல்லாவா இருக்கும்?"

"நம்பராவது ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு ஒம்பது எட்டு நாலு. நம்ம கல்யாண வருஷம். மறக்க முடியுமா அத?"

"மெதுவாப் பேசுங்க. யாராவது கேட்டுடப் போறாங்க."

"நம்ம ஊரா இது, கேக்குறதுக்கு? ஆனா கலா, பின்னால ஒருத்தன் நிக்கிறான். சீனாக்காரன். செம்பட்ட முடி, கையெல்லாம் டிராகன் பச்ச. நேத்துதான் ஜெயில்லேருந்து வந்திருப்பான் போல. முழியே சரியில்ல."

அந்த ஆள் சிரித்த முகமாக ஓரடி முன்னால் வந்தார்.

"அங்கிள், ஃபோர் நம்பர் ஒன்லி. தென் என்டர். ஓகே லா."

பழனியப்பன் போனில் அலறினார். "நம்ம நம்பர் நாலுன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சது? எட்டிப் பாத்திருக்கான் கலா, திருட்டுப்பய."

"அவர் சொல்றதத்தான் செஞ்சு பாருங்களேன். இங்க நான் ரெண்டாவது டீயும் குடிச்சாச்சு."

வேறு வழியில்லை. வயிற்றாலும் இடது கையாலும் மெஷினை மறைத்துக்கொண்டு, நாலு எண்ணை அழுத்திப் பச்சைப் பொத்தானைத் தட்டினார். மெஷின் வழிக்கு வந்தது. முந்நூறு ரிங்கிட் கேட்டார். உடனே, அதை இங்கேயே ரூபாயாக மாற்றிக் கணக்கெழுதட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது.

"நோ அங்கிள். பிரஸ் நோ. யுவர் பேங்க் ரேட் சீப்பர்."

திருடன் வேண்டாம் என்கிறான் என்றால் அதில் நமக்கு ஏதோ லாபம் இருக்கிறது. பழனியப்பன் சாமர்த்தியமாக 'எஸ்' அழுத்தினார்.

பணத்தை உள்பனியனுக்குள் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து, சாப்பாட்டுக் காசைக் கொடுத்துச் சந்திரகலாவை மீட்டார்.

"எப்பேர்ப்பட்ட கள்ளன் தெரியுமா? அவன் சொன்னதுக்கு அப்படியே நேர்மாறா அழுத்திட்டேன். எங்கிட்ட நடக்குமா?"

சந்திரகலா போனில் வந்த வங்கிச் செய்தியைப் பார்த்தாள். "நேத்து நாம மாத்தினதவிட ரிங்கிட்டுக்கு ரெண்டு ரூபா கூடப் போட்டிருக்கே. அறுநூறு ரூபா தெண்டம்."

அதற்குள் வாசலில் அந்த டிராகன் கை தெரிந்தது.

"கலா, பின்னாலேயே வந்துட்டான்" என்று பனியனை இறுக்கிப் பிடித்தார்.

வந்தவர் அடுத்த மேசையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு சாப்பாடு. ரசம் தனியா ஒரு கப்புல. அப்பளம் ரெண்டு வைங்க லா."

பழனியப்பன் வாய் பிளந்ததைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். "சாலாக் செலாத்தான்ல எங்க பக்கத்து வீடு அங்கிள். சின்ன வயசுலேருந்து எங்க வீட்டுச் சோறுதான்."

ஜெயில், முழி, திருட்டுப்பய. சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து பழனியப்பனைக் கூனிக் குறுக வைத்தது.

கை கழுவ எழுந்த டிராகன் கைக்காரர், போகிற போக்கில் பழனியப்பன் பக்கமாகக் குனிந்தார். கடைக்காரருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்:

"பின் நம்பர மட்டும் மாத்திடுங்க அங்கிள். மத்தது எதுவும் என் காதுல விழல."