ஏன் சார்

"யாரு முதல்ல பேசறீங்க? உங்களை ரொம்பத் திணற அடிச்ச ஒரே ஒரு ஆளைப் பத்திச் சொன்னா போதும்."

கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார், கூட்டம் நடத்த வந்த அம்மா. டிரைவிங் ஸ்கூலின் மாடி அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. பயிற்சியாளர்கள் மூவரும் சுவரில் வரைந்திருந்த போக்குவரத்துச் சின்னங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்கள்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்குப் பாடமாகட்டும் என்று முதலாளி செய்த ஏற்பாடு இது. பெரிய பெரிய அலுவலகங்களில் இப்படி ஊழியர்களை உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் அந்த அம்மாவின் தொழில். ஆனால் அந்தப் பள்ளியில் யாரும் யாரிடமும் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இருபது வருட சர்வீஸ் போட்ட மீசைக்காரருக்குத் தன் கௌரவம் குறைந்துவிடுமோ என்று பயம். ஒல்லியானவருக்கோ இந்த வேலையே தனக்கு ஒத்துவராது என்ற முடிவு. வேறு இடம் தேட ஆரம்பித்திருந்தார். சேர்ந்து ஒரு வருடமே ஆன பெண் பயிற்சியாளர், அவர்கள் வாயைத் திறக்காதபோது தனக்கென்ன வந்தது என்று இருந்தார்.

கடைசியில் ஒல்லியானவர்தான் தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தர் வந்தார். பேரு வேண்டாம். பிரேக்னு சொன்னா மிதிக்க மாட்டார். 'ஏன்?'னு கேப்பார்."

மீசைக்காரரின் தலை சட்டென்று திரும்பியது. "தடியா கண்ணாடி போட்டிருப்பாரா? இடிச்சப்புறம் இறங்கிப் போய் விளக்குக் கம்பத்துக்கிட்ட மன்னிப்புக் கேப்பாரே?"

"உங்ககிட்டயும் வந்தாரா அண்ணே?"

அப்புறம் யாரையும் தூண்டவே வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் முதலில் மீசைக்காரரிடம்தான் சேர்ந்திருக்கிறார். ஒன்பதாம் நாள், முதுகு வலி என்று சொல்லி அவரை ஒல்லியானவர் தலையில் கட்டியிருக்கிறார் மீசைக்காரர். நேரம் ஒத்துவரவில்லை என்று சொல்லி ஒல்லியானவர் அவரை அந்தப் பெண்ணிடம் தள்ளிவிட்டிருக்கிறார். தனக்குத்தான் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை என்று மூவரும் தனித்தனியே நொந்துபோயிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மூவரும் ஒருவருக்கொருவர் தெரியாமலே அவருக்கு ஒரே பட்டப்பெயர்தான் வைத்திருந்தார்கள்: ஏன் சார்.

ஒரு தரம் "நல்லா ஓட்டுறீங்க" என்று மீசைக்காரர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட, அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு நன்றியோடு கை குலுக்கினாராம். வண்டி நேரே ஒரு சலூனுக்குள் மூக்கை நுழைத்தது. பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து ஓடியவர்தான், மீதி முகத்துக்குத் திரும்பி வரவேயில்லையாம்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள், எதனால் பலன் கிடைத்தது என்று ஒவ்வொருவரையும் குடைந்து குடைந்து கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, ஆளுக்கொரு வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் கமுக்கமாக இருந்திருக்கிறார்கள் என்று. யாராவது பேசினால் மரியாதைக்காக அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார் ஏன் சார். அதனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே முனகுவதுபோலத்தான் பேச வேண்டும் என்றார் மீசைக்காரர். காரணத்தை முதலில் சொல்லி, வேலையைப் பின்னால் சொல்ல வேண்டும் என்றார் அந்தப் பெண்: 'முன்னாடி லாரி நிக்குது, அதனால பிரேக்.' அப்படித்தான் போன வாரம் அவருக்கு லைசென்ஸே வாங்கிக் கொடுத்தாராம்.

ஒல்லியானவர் கொஞ்சம் கூச்சத்தோடு தன் வித்தையைச் சொன்னார். "வாயில ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்துடுவேன் மேடம். வாயில எதாவது இருந்தா பேச மாட்டார். அவ்வளவு நாகரிகம்."

அந்த அம்மாவின் பேனா நின்றது. "ஒரு பெப்பர்மிண்ட் எவ்வளவு தூரம் தாங்கும்?"

"கடிக்காம இருந்தா நாலு கிலோமீட்டர்."

அவர் தாளின் ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, பயிற்சிக் காரில் உங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறதே, அது இல்லாத காராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"ஏறவே கூடாது," என்றார் மீசைக்காரர்.

அறையே சிரித்தது. அந்த அம்மா மட்டும் அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

கூட்டம் முடிந்தபோது, சனிக்கிழமைதோறும் இப்படி உட்கார்ந்தால் என்ன என்று ஒல்லியானவரே கேட்டார். வேறு வேலை தேடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. மீசைக்காரர் தன் முதுகுவலிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்று பேர் முகத்திலிருந்தும் பல மாதப் பாரம் இறங்கியிருந்தது.

"எத்தனையோ பேர் வந்து வகுப்பு எடுத்திருக்காங்க மேடம்," என்றார் மீசைக்காரர். "எல்லாரும் அவங்க பேசறதுலயே குறியா இருப்பாங்க. நீங்கதான் நாங்க சொன்னதை ஒரு வரி விடாம எழுதிக்கிட்டீங்க. அந்தத் தாளைக் கொடுத்துட்டுப் போனீங்கன்னா சுவத்துல ஒட்டி வைப்போம்."

அந்த அம்மா தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"திங்கட்கிழமை தர்றேன், இருந்தா," என்றார். "நாளைக்குப் புதுக் கார்ல முந்நூறு கிலோமீட்டர் மலைப்பாதையில போறோம், உங்க ஏன் சார்தான் ஓட்டுறார், அவரைக் கட்டிக்கிட்ட பாவத்துக்குப் பக்கத்து சீட்டு எனக்கு."