நல்ல கதவு

ஒரு விடுகதை. சுவர் இருக்கும், கூரை இருக்கும், அறை என்று பேரும் இருக்கும். பெண்பிள்ளைகளுக்காகவே கட்டியது, ஆனால் ஒரு பெண்பிள்ளையும் உள்ளே போகமாட்டாள். அது என்ன? யோசித்துக்கொண்டே வாருங்கள்.

தச்சர் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. பள்ளிக்கூடங்களில் பையன்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கணக்கெடுக்கும் அதிகாரியம்மா இறங்கினார். காலையில் பார்த்த ஏழாம் வகுப்பில் பையன்கள் முழுசாக இருந்தார்கள். பெண்களில் பாதியைக் காணோம். வராதவர்களின் வீடுகளுக்கே கிளம்பிவிட்டார்.

“பெத்தவங்களுக்குப் புத்தி இல்லம்மா” என்று கையை விரித்திருந்தார் தலைமையாசிரியர்.

அவர் சொன்னது சரிதான் போலிருந்தது. பள்ளிக்கூட நேரத்தில் தச்சரின் மகள் பலகை இழைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பையன் இருக்கானா? எங்கே அவன்?”

“ஸ்கூலுக்குப் போயிருக்காம்மா.”

“அவன் படிக்கணும், இவ பலகை இழைக்கணும்! வெட்கமா இல்லை?”

தச்சர் தலையைச் சொறிந்தார். “நான் நிறுத்தலைம்மா. இவதான் போகமாட்டேங்கிறா.”

“பழியைப் பிள்ளை மேலே போடாதீங்க!”

சிறுமி இழைப்புளியைக் கீழே வைத்தாள்.

“அப்பாவைத் திட்டாதீங்க. எங்க கழிப்பறைக்குக் கதவு இல்லை. பசங்க எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாங்க.”

“கழிப்பறை இருக்குன்னு சார் சொன்னாரே?”

“இருக்கு. கதவு இருக்கான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் போட அவர் கொண்டுபோகும் படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

“அப்பா ஒண்ணு செஞ்சு மாட்டினாரு, உள்தாழ்ப்பாளோட. கூலிகூட வாங்கலை. போன வாரம், நீங்க வர்றீங்கன்னு சார் அதைக் கழற்றி கம்ப்யூட்டர் ரூமுக்கு மாட்டிட்டாரு. அங்கே இருக்கிறதே ரெண்டு கம்ப்யூட்டர். ரெண்டும் ஓடாது. அதுக்குக் கதவு, தாழ்ப்பாள், பூட்டு! எங்களுக்கு ஒண்ணும் இல்லை.”

கம்ப்யூட்டர் அறைக்குப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி மட்டும் தவறாமல் இருந்தது. காலையில் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்து, “நல்ல கதவு சார்” என்று முழு மதிப்பெண் போட்டவரே அவர்தான். கம்ப்யூட்டருக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

குரல் இறங்கிவிட்டது.

“ஜீப்புல ஏறு கண்ணு. நானே கூட்டிட்டுப் போறேன். வேண்டியதை எடுத்துக்கோ.”

ஆணியில் புத்தகப் பை தொங்கியது. கீழே அப்பாவின் கருவிப் பெட்டி திறந்து கிடந்தது.

சிறுமி திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.