ஒற்றைப் பள்ளம் வைத்த பிடி

“உது ஆருடைய கைக்குப் பிள்ளை?”

போன கிழமை தன் கராஜில் வைத்து, அரம் இரவல் தந்த சச்சிதானந்தன் அங்கிள் அப்படிக் கேட்டபோது, அட்சயா அரத்தை நிறுத்தாமல் சிரித்து மழுப்பிவிட்டாள்.

அவர் விடுகிற ஆளா? மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துப்பாக்கியின் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சுட்டுவிரல் விசையில இருக்கும். மிச்ச மூண்டு விரலுக்கும் மூண்டு பள்ளம் எல்லோ வேணும்? ஒண்டுதானே வெட்டிக் கிடக்கு. கணக்குப் பிழைச்சுப்போச்சு, மோனை.”

அவள் பிடியை வாங்கி மறுபடியும் அராவத் தொடங்கினாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசும் பிள்ளை. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதும் அதனால்தான்.

இன்று சனிக்கிழமை. இரண்டு மணிக்குள் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய் ஒரு சுற்றுச் சுட்டால்தான் இந்த வருடத்துக்கு அங்கே இடம். பயிற்சியாளர் லெஸ்லி கண்டிப்பாக எழுதியிருந்தார். படிவம் நிரப்பிப் பெயர் கொடுத்து ஒரு மாதமாகிறது.

துப்பாக்கி என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. காற்றின் அழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டு போய்ப் பத்து மீட்டரில் உள்ள காகித வட்டத்தைத் துளைக்கும் விளையாட்டுச் சாமான். பார்க்டேலில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. உள்ளதிலேயே மலிவான ரகம். பிடி வெறும் பிளாஸ்டிக், நனைந்த சவர்க்காரம் போல வழுக்கும். கைக்கு அளவாகச் செய்த மரப்பிடி ஒன்றின் விலைக்கு இந்தத் துப்பாக்கியில் மூன்று வாங்கலாம்.

ஆகவே அடுப்படியே பட்டறையாயிற்று.

கையின் அளவை அவள் ரொட்டி மாவில் எடுத்தாள். குழைத்த மாவை ஒரு கை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் தடம் கலையாமல் ஃபிரீசருக்குள் மீன் பக்கற்றுகளுக்கு நடுவே ஆறு கிழமை கிடந்தது. அம்மா இரண்டு தரம் தூக்கி எறியப் பார்த்தாள்.

பிளாஸ்டிக்கின் மேல் மரத்தூளும் பசையும் குழைத்த களியை அப்பி, காய்ந்ததும் தடத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அராவினாள். உள்ளங்கையின் விளிம்பு அமர்வதற்குப் பழைய வெட்டுப்பலகையில் ஒரு தட்டு அறுத்துப் பூட்டினாள். எவ்வளவு தேய்த்தும் அதில் வெங்காய மணம் போகவில்லை.

இனி விசை. ஐந்நூறு கிராமுக்குக் குறைந்த பாரத்தில் அது விழுந்தால் கிளப்பில் சுடவே விடமாட்டார்கள். அவர்களிடம் அதைச் சோதிக்க ஒரு படிக்கல் உண்டு. அட்சயாவிடம் மைசூர்ப் பருப்பு இருந்தது. தராசில் அரைக் கிலோ நிறுத்துப் பையில் கட்டி, விசையில் கொழுவி, வெறுந் துப்பாக்கியை நிமிர்த்தித் தூக்கினாள்.

பை மேசையை விட்டு எழும்பியது. விசை அசையவில்லை.

இன்னொரு தரம். அசையவில்லை!

கூவ வேண்டும்போல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினாள்.

கடைசி வேலை, குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் குறிமுனை. வெளிச்சம் பட்டு அது மினுங்கினால் கண் ஏமாறும். கருக்க வேண்டும். வசதியான ஆட்கள் அதற்கென்று ஸ்பிரே வைத்திருப்பார்கள். அவள் சாமித்தட்டில் இருந்து இரண்டு கட்டி கற்பூரம் எடுத்தாள். புகை அலாரத்துக்கு வழக்கம்போல ஷவர் தொப்பியை மாட்டிவிட்டுக் கொளுத்தினாள். கறுத்த புகையில் குறிமுனையைப் பிடிக்க, கண்மை தீட்டியது போலக் கரி படிந்தது.

“என்னடி, குசினிக்குள்ள திருவிழாவே நடக்குது?”

அறைக்குள்ளிருந்து அக்கா சுபாங்கியின் குரல்.

சுபாங்கிக்கு இந்த வேலையெல்லாம் தெரியும். அதே கிளப்பில் மூன்று வருடம் சுட்டவள். மெடல்கள் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கின்றன. போன மார்கழியோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். தன் துப்பாக்கியையும் விற்றுவிட்டாள்.

அட்சயா கையில் பட்ட கரியைத் துடைத்தாள். துப்பாக்கிப் பெட்டியை மேசையில் திறந்து வைத்தாள். பக்கத்தில், அனுப்பிய படிவத்தின் பிரதியை வைத்தாள்.

“அக்கா, ஒருக்கா வா.”

சுபாங்கி வந்து நின்றாள். வலக்கை, எப்போதும்போல, ஹூடியின் பைக்குள்.

முதலில் படிவத்தைப் பார்த்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தில், பெரிய எழுத்தில், சுபாங்கி என்று இருந்தது.

பிறகு பிடியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

வலக்கை பைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. பேக்கரியில் மா உருட்டும் மெஷின் மோதிர விரலையும் சின்ன விரலையும் கொண்டுபோன கை. அன்றைக்கு அந்த ஷிப்ட் அட்சயாவுடையது. ஆட்களுக்கு முன்னால் போக ஏலாது என்று அழுத தங்கைக்காகப் போனவள் சுபாங்கி.

பதம் பார்க்கச் சொல்லித் தங்கை நீட்டிய ரொட்டி மாவை அன்று இறுக்கிப் பிடித்ததும் இதே கைதான். நடுவிரல் அந்த ஒற்றைப் பள்ளத்துக்குள் போய்ப் படுத்தது. உள்ளங்கை வெட்டுப்பலகைத் தட்டில் அமர்ந்தது. கை சுவரை நோக்கி நீண்டது.

ஆடவில்லை.

அட்சயாவால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்று பருப்புப் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழ்க்க அவிழ்க்க அது இறுகியது.

முதுகுக்குப் பின்னால் பெட்டியின் கொளுக்கிகள் இரண்டும் பூட்டும் சத்தம். சப்பாத்து லேஸ் இழுபடும் சத்தம். பிறகு வாசல் கதவு.

அவள் திரும்பியபோது மேசையில் பெட்டி இல்லை. படிவமும் இல்லை.

வெளியே, லிஃப்ட் வந்து நிற்கும் மணி ஒருதரம் அடித்தது.