இருநூற்று எண்பத்தேழாம் பக்கம்

'பிரபல எழுத்தாளருக்குக் கொலை மிரட்டல்!'

காலைப் பத்திரிகையில் வந்திருந்த அந்தச் செய்தியை நாவலாசிரியர் ஐந்தாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பெண் இன்ஸ்பெக்டர். கையில் அவருடைய நாவல்.

"வாங்க மேடம். கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?" பேனா ஏற்கெனவே சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

"அது கடைசியில சார். முதல்ல விசாரணை."

கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் பத்து இளைஞர்கள், அவர்களுடைய கணினி, காதல், பதவி உயர்வு. இதுதான் நாவல். அதை எழுதியவர் ஆயுளில் ஒரு நாள்கூட அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. மகளின் அலுவலகத்துக்கு எதிரே உள்ள காபிக் கடையில் மூன்று வாரம் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார். அதில் காபியைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்.

ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டியதில் பன்னிரண்டாயிரம் பிரதிகள் பறந்தன. பிறகு வாசகர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் வந்தது வினை. இணையத்தில் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த அரை, அட்டைப் படத்துக்காம். நூற்றுக்கணக்கான வசவுகளுக்கு நடுவே ஒரே ஒரு பாராட்டு: 'முடிவு மட்டும் பிரமாதம்.' அதைத் தாளில் அச்செடுத்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

இரண்டாம் பாகம் என்று பேச்சை எடுத்தாலே பதிப்பாளருக்கு வேறு அழைப்பு வந்துவிடும். ஆனால் மிரட்டல் செய்தி வெளியானதும் அவரே கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஒப்பந்தம் போட்டுடலாம், வந்துடுங்க!"

நாளைக் காலை வரைக்கும் எந்த வில்லங்கமும் வரக்கூடாது. நாவலாசிரியரின் கவலையெல்லாம் அதுதான்.

இன்ஸ்பெக்டர் கணினியில் அச்செடுத்திருந்த மிரட்டல் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'இரண்டாம் பாகம் எழுதினால் நீ உயிரோடு இருக்கமாட்டாய். 287ஆம் பக்கத்தில் அந்தப் பெண்ணை லிஃப்டில் நிற்க வைத்து, என் இதயத்துக்கு நோட்டீஸ் பீரியட் கிடையாது என்று பேச வைத்தாயே, அதற்காகவே உன்னை விடமாட்டேன்!'"

சோபாவில் இருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அப்படி ஒரு வசனம் வேற இருக்காப்பா? எங்க ஆபீஸ்ல நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? படிச்சவன் எவனா இருந்தாலும் கொலைவெறிதான் வரும்!"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ரொம்பக் கோவமா இருக்கீங்க போல. வீட்டுல பிரிண்டர் இருக்கா?"

நாவலாசிரியர் அவசரமாகக் குறுக்கிட்டார். "மேடம், அவ எழுதல! எனக்கு நல்லாத் தெரியும்."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சார் சொல்றீங்க?"

"அது... பெத்தவனுக்குத் தெரியாதா?"

"நான் நாப்பதாம் பக்கத்தையே தாண்டல மேடம்," என்றாள் மகள். "என்னை மாதிரியே ஒருத்தி வந்தா. பயந்து மூடிட்டேன்."

காபி கொண்டுவந்த மனைவியிடம், "நீங்க படிச்சீங்களாம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"தினமும் படுக்கிறப்ப எடுப்பேங்க. ரெண்டு பக்கத்துலயே கண்ணு சொக்கிடும். இப்பல்லாம் தூக்க மாத்திரையே வாங்கறதில்ல. இவரை நான் குறை சொல்லவே மாட்டேன்."

நாவலாசிரியர் நெஞ்சை நிமிர்த்தினார். "வீட்டுல என்ன மேடம் தேடறீங்க? கடைசிப் பக்கம் வரைக்கும் ரசிச்சுப் படிச்ச எவனோதான் எழுதியிருக்கான். பன்னிரண்டாயிரம் பேர்ல போய்த் தேடுங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். அதனாலதான் அந்த வசனத்தைப் பார்க்கலாம்னு இந்தப் பிரதியை வாங்கினேன். அப்புறம் நாலு கடையில நாலு பிரதி வாங்கினேன். அப்புறம் அச்சகத்துக்கே போனேன்."

இன்ஸ்பெக்டர் நாவலை அவரிடம் நீட்டினார். "எடுங்க, 287ஆம் பக்கம்."

தன் புத்தகத்தில் அவர் எப்போதும் திறப்பது முதல் பக்கத்தைத்தான், கையெழுத்துப் போட. முதல் தடவையாகப் பின்பக்கம் திருப்பினார். 272. அதற்கப்புறம் வெள்ளைத்தாள். அதற்கடுத்ததும் வெள்ளைத்தாள். கடைசிவரை வெள்ளைத்தாள்.

"கடைசிப் பதினாறு பக்கமும் அச்சாகவே இல்ல சார். ஒரு பிரதி இல்ல, பன்னிரண்டாயிரம் பிரதியிலயும். அச்சகத்துக்காரருக்கே நான் சொல்லித்தான் தெரியும். பிழை திருத்தினவர் நூறாம் பக்கத்துக்கு மேல சும்மா புரட்டினாராம். பதிப்பாளர் பின்னட்டையோட சரி. லிஃப்ட்ல அந்தப் பொண்ணு என்ன பேசினான்னு தெரிஞ்ச ஆள் உலகத்துலயே ஒருத்தர்தான்."

மனைவி தம்ளரைக் கீழே வைத்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"ரெண்டாம் பாகம்..." என்று இழுத்தார் நாவலாசிரியர். "வேற வழி தெரியல மேடம். புத்தகம் வந்து எட்டு மாசம் ஆச்சு. இது வெள்ளைத்தாள்னு ஒருத்தர்கூடவா புகார் பண்ணல?"

"ஒருத்தர்கூட இல்ல," என்ற இன்ஸ்பெக்டர், வாக்குமூலத் தாளை மேஜைமேல் விரித்தார். "இப்பப் போடுங்க சார், கையெழுத்து."

பேனாவை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டபோது விரலில் தட்டுப்பட்டது, 'முடிவு மட்டும் பிரமாதம்' என்ற அந்த ஒரே பாராட்டு.