மூடியில் இருந்த எண்

பசியே எடுக்காமல் செய்யும் ஒரு கல்லீரல் நோய்க்கான புது மாத்திரை ஆராய்ச்சி அன்றோடு முடிந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது இதுவரை யாருக்கும் தெரியாது.

எதிரே உட்கார்ந்திருந்த கணவன் மனைவியின் உறையை டாக்டர் பிரித்தார். "ஐயாவுக்கு மருந்து. அம்மாவுக்கு மாவு."

"இல்லீங்க," என்றார் கணவர். "முதல் வாரமே எனக்கு நல்லாப் பசிச்சுது. இதுதான் மருந்துன்னு தோணுச்சு. மூடியிலதானே நம்பர்? இவளுக்குத் தெரியாம ரெண்டு டப்பா மூடியையும் மாத்திட்டேன். மருந்து சாப்பிட்டது இவதான்."

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "ஆனா உங்க ரத்தத்துலதானே மருந்து இருக்கு?"

மனைவி தலைகுனிந்தாள். "எனக்கும் நல்லாப் பசிச்சுதுங்க. அதே வாரம் நானும் இவருக்குத் தெரியாம மூடியை மாத்தினேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இனிமே அம்மாவுக்கும் மருந்துதான். மூடியில கை வைக்காதீங்க."

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "மாவைத் தின்னதுக்கா உனக்குப் பசிச்சுது?"

"ரொம்ப நாள் கழிச்சு நீங்க தட்டைக் காலி பண்ணீங்க. அதைப் பார்த்ததும் பசிச்சுது."