பின் சீட்டு

வாகன ஆய்வு மைதானத்து வெயிலில், பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய பின் சீட்டு தரையில் கிடக்கிறது. அதன்மேல் கண்ணாடிக்கடைக்காரரின் சின்ன மகள் காலாட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவின் உள்ளங்கையில் திருகாணிகள் மினுங்குகின்றன. "பின் சீட்டு இருந்தா குடும்ப வண்டி, முழு வரி. எடுத்துட்டா தொழில் வண்டி, பாதிதான்," என்று அதிகாரி மறுபடியும் சொல்கிறார். பாதி வரி என்றால்தான் இவர்களால் கட்ட முடியும், வண்டியும் இவர்களிடம் தங்கும். "அப்ப நான் இனிமே உங்ககூட வரக்கூடாதாப்பா?" அப்பா துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைக்கிறார். "நான் குடும்பமா, தொழிலா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு அதிகாரி குனிந்து, முன் சீட்டைச் சாண்போட்டு அளக்கிறார். "மூணு பேர் தாராளமா உக்காரலாம்னு எழுதிக்கிறேன். நடுவுல ஏறிக்கோங்க, முதலாளியம்மா." சீட்டைவிட்டு இறங்காமலே அவள் அப்பாவிடம் இரண்டு கைகளையும் நீட்டுகிறாள்.