பாக்கி ரன்

கேம் கன்சோலின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. போன வருஷம் இறந்த என் தம்பி மஹேஷோடு பாதியில் நிறுத்திவைத்திருந்த கிரிக்கெட் மேட்சும் அதோடு போனது. அவன் ஜெயிக்க இன்னும் ஐம்பது ரன் பாக்கி. வாழ்நாளில் நான் அவனை ஜெயிக்கவிருந்த ஒரே மேட்ச்.

இனியாவது சாகாத டிஸ்க் வேண்டுமென்று ஊர்ப்பட்ட ரிவ்யூ படித்து, ஆரியசாலைக் கடைத்தெருவில் புத்தம்புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதில் அதே மேட்ச் இருந்தது. பாக்கி இருபது ரன்.

கடைக்கார அனிலிடம் பாய்ந்தேன். "நான் பந்தே போடலை, அவன் எப்படி ரன் எடுப்பான்? உயிரோட இருந்தப்பவும் இதே ஏமாத்து, இதே கள்ளக்களிதான்!"

"சாரே, சீல் பொட்டிச்சு பெட்டியைத் திறந்ததே நீங்கதானே," என்றவன், என் கத்தலுக்குப் பயந்து வேறு கம்பெனி டிஸ்க்கைக் கொடுத்தான். "இதிலயும் இருந்தா கொண்டு வாங்கோ, அழிச்சுத் தரேன்."

இருந்தது. ஒரே ஒரு ரன் பாக்கி. திரையில் மஹேஷின் பேட்ஸ்மேன் மட்டையைத் தரையில் தட்டியபடி என் பந்துக்காகக் காத்து நின்றான்.

டிஸ்க்கை அழிக்கக் கொடுக்கவில்லை. பந்தும் போடவில்லை. நிற்கட்டும் திருட்டுப்பயல், தோற்க எனக்கென்ன அவசரம்?